கவுண்டர் யாரையும் விடவில்லை

அன்று காலை என் மாமனார் ஒருவரையும் ஊரை விட்டு வெளியே விடவில்லை என்று ஊரே சொன்னது. பாராட்டித்தான் சொன்னது.

எங்கள் ஊர் ஊஞ்சக்குழி. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம். தார் ரோட்டிலிருந்து ஒரு மண்பாதை இறங்கும். அது முடிகிற இடத்தில் நாங்கள் இருக்கிறோம். கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது மண்பாதையின் வாயில் இரண்டு கவட்டைக் கம்பு நட்டு, குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டார்கள். மூங்கிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் என் மாமனார் அர்த்தனாரி. அவர்தான் ஊர்க்கவுண்டர்.

அரசாங்கம் ஓர் ஊரடங்கு போட்டிருந்தது. அது போதாது என்று ஊர் தனியாக ஒன்று போட்டது. அரசாங்கத்தின் ஊரடங்கில் பால், மருந்து வாங்க வெளியே போகலாம். எங்கள் ஊரடங்கில் கவுண்டர் கை தூக்கினால் போகலாம்.

கை என்பது எங்கள் ஊரின் பழைய ஏற்பாடு. கூட்டத்தில் கவுண்டர் தீர்ப்பை வாயால் சொல்ல மாட்டார். வாயால் சொன்னால் பிற்பாடு, நீங்கள் அப்படிச் சொன்னீர்கள், நான் இப்படிக் கேட்டேன் என்று வம்பு வரும். வலது கையைத் தூக்கினால் சரி. இடது கையை ஆட்டினால் இல்லை. வரப்புத் தகராறு, மாடு மேய்ந்த வழக்கு, கல்யாணம், கல்யாணத்தை முறிப்பது, எல்லாம் அந்த இரண்டு கைகளில் முடிந்துவிடும். மேல்முறையீடு கிடையாது. என் கல்யாணத்துக்கும் வலது கைதான் தூக்கினார். பெண்ணின் அப்பாவும் ஊர்க்கவுண்டரும் ஒரே ஆளாக இருந்ததால் இரண்டு தடவை தூக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண் கோகிலவாணி. போன ஆவணியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு வாங்கியது. நான் 108க்குக் கூப்பிட்டேன். வண்டி வந்தது. அவள் நடந்து போய் ஏறினாள். ஒரு வாரம் கழித்துக் கீழே ஆஸ்பத்திரியில் இறந்தாள். பிளாஸ்டிக்கில் சுற்றி அங்கேயே எரித்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை.

ஊருக்கு அது இரண்டாவது விஷயம். முதல் விஷயம் தகரம். வண்டி போன மறுநாள் வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்து மண்பாதையைத் தகரம் வைத்து அடைத்தார்கள். பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். எல்லார் மூக்கிலும் குச்சி விட்டார்கள். ஊர்ப் பெயர் பேப்பரில் வந்தது. ஊஞ்சக்குழி பேப்பரில் வந்தது அதுதான் முதல் தடவை. அதிலும் பக்கத்து மாவட்டத்து ஊர் என்று போட்டிருந்தார்கள். மிளகு வாங்க ஆள் வரவில்லை. சந்தையில் எங்கள் ஊர் மரவள்ளிக்கிழங்கை யாரும் தொடவில்லை. மண்ணுக்குள்ளே விளைந்த கிழங்குக்கு எப்படி இருமல் வரும் என்று எங்கள் ஊர்ச் சின்னுசாமி கேட்டுப் பார்த்திருக்கிறார். 

தகரத்தை எடுத்த அன்றே கூட்டம் போட்டார்கள். கவுண்டர் கை தூக்காமல் இனி யாரும் 108க்குக் கூப்பிடக் கூடாது என்று முடிவானது. கவுண்டர் அதற்கும் வலது கையைத் தூக்கினார். மகளை இழந்து ஒரு மாதம் ஆகாத மனிதர். கவுண்டராகத் தூக்கினார்.

என்னைக் கொஞ்ச நாளைக்குக் காட்டுக் கொட்டாயில் இருந்துகொள்ளச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். கொஞ்ச நாள் என்பது எவ்வளவு என்று அவர்கள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. நான் பி.எஸ்சி. தாவரவியல். உண்டு உறைவிடப் பள்ளியில் தற்காலிக வாத்தியாராக இருந்தேன். பள்ளி மூடிக் கிடந்தது. கொட்டாயில் இருப்பதற்குப் பெரிய தகுதி எதுவும் தேவைப்படவில்லை.

இப்போது வைகாசி. பலாப்பழக் காலம். அரிசி வாங்கச் செம்மேடு போகலாம் என்று கொட்டாயிலிருந்து இறங்கி மூங்கிலுக்கு வந்தேன். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பாதையோரம் ஏழெட்டுப் பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கவுண்டரிடம் கேட்டு, இல்லை என்று ஆனவர்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை.

“மாதம்மா பல்லு வலின்னு தாடையப் புடிச்சுட்டு வந்து நின்னா. விடலியே.”

“என்னையென்ன, சொந்த மவனையே விடல. வேல்முருகன் வண்டிய முறுக்கிட்டு வந்தான். இடது கை ஒரே ஆட்டு. வண்டிய அணைச்சுட்டான்.”

“காத்தால இருந்து வாயத் தொறக்கலீங்க. பேசினா கிருமி பறக்குமாமா.”

“கவுண்டருன்னா அப்படி இருக்கோணும். போன தடவை இப்படி இருந்திருந்தாத் தகரம் வந்திருக்குமா?”

சொன்னது கரைக்காரர் சின்னுசாமி. கவுண்டருக்கு அடுத்த பொறுப்பு கரைக்காரருக்கு. என்னைப் பார்த்ததும், “தம்பியச் சொல்லலீங்க, பொதுவாச் சொன்னேன்” என்றார்.

மாமனார் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். முகத்தில் மாஸ்க். அதற்கு மேல் துண்டு. மாஸ்க் போடாதவர்களுக்கு அபராதம் என்று கொண்டுவந்தவர் அவர்தான். தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று பெயர். மாஸ்க்கின் வலது பக்கம் ஈரமாக இருந்தது. தடி கீழே கிடந்தது. வலது கை மடியில் இருந்தது. யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரி.

நான் துண்டை அவிழ்த்து மாஸ்க்கை இறக்கினேன்.

“தம்பி, மாஸ்க்கக் கழட்டாதீங்க. அபராதம்.”

வாய் இடது பக்கமாக இழுத்திருந்தது. வலது கன்னம் தொங்கியது. எச்சில் வழிந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. அந்தக் கண் முழுக்க விழித்திருந்தது.

கீழே ஆஸ்பத்திரியில் கோகிலவாணியை உள்ளே வைத்துவிட்டு என்னை வெளியே நிறுத்தியிருந்தார்கள். நான் நின்ற இடத்தில் சுவரில் ஒரு போஸ்டர். முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் பக்கவாதம், உடனே 108, நாலரை மணி நேரத்துக்குள் ஊசி. படிக்க வேறு ஒன்றும் இல்லை. ஒரு வாரம் அதைப் படித்தேன்.

“மாமா, வலது கையத் தூக்குங்க.”

அவர் முயன்றார். தோள் அசைந்தது. கை வரவில்லை. பிறகு இடது கையைத் தூக்கி என் முகத்துக்கு முன்னால் வேகமாக ஆட்டினார்.

“பாத்தீங்களா. மருமகனுக்கும் இல்லைன்னுட்டாரு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதில் பெருமை இருந்தது.

“அவரு இல்லைன்னு சொல்லல. வலது பக்கம் விழுந்துருச்சு. இருக்கறது ஒரு கைதான். அதைத்தான் காத்தால இருந்து ஆட்டிட்டு இருக்காரு. உங்களை எல்லாம் கூப்பிட்டிருக்காரு.”

 நான் போனை எடுத்து 108க்குப் போட்டேன். ஒரு பெண் உடனே எடுத்தாள். என்ன தொந்தரவு, எந்த ஊர், எத்தனை வயது என்று வரிசையாகக் கேட்டாள். காய்ச்சல், இருமல் இருக்கிறதா என்று கேட்டாள். பாதை திறந்திருக்கிறதா என்றும் கேட்டாள். சின்னுசாமி என் கையிலிருந்து போனை மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

“தப்பா வந்துருச்சுங்க அம்மணி. இங்க எல்லாரும் சவுக்கியம். வண்டியெல்லாம் வேண்டாங்க. நீங்க சாப்பிட்டாச்சுங்களா?”

அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அது நான் பிடித்திருந்த போன் என்பது நினைவுக்கு வந்து, கைக்குக் கிருமி மருந்து தடவிக்கொண்டார். பைக்கும் கொஞ்சம் தடவினார்.

“ஏனுங்கண்ணா, இது நேரத்துக்குள்ள ஊசி போட வேண்டிய நோயி. போனைக் குடுங்க.”

“குடுக்காம எங்க போகப் போறேன். வண்டி வரோணும்னா மூங்கிலைத் தூக்கோணும். மூங்கிலைத் தூக்கக் கவுண்டரு கை தூக்கோணும். அவரு இடது கையத்தான ஆட்டறாரு?”

“வலது கை வராதுங்க.”

“அது நீங்க சொல்றது. அவரு ஆட்டறது இடது கை. நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் எதைச் சொல்லட்டும்?”

நடுவில் மற்றவர்கள் வைத்தியம் பேச ஆரம்பித்தார்கள். வாதக் காற்று பட்டிருக்கிறது என்றார் ஒருவர். மாஸ்க் நாடா இறுக்கி வாய் இழுத்துக்கொண்டது என்றார் இன்னொருவர். நாடாவைத் தளர்த்திவிட்டால் சாயங்காலத்துக்குள் நேராகிவிடும். முதலில் சொன்னவர் தன் மாஸ்க்கின் நாடாவை இரகசியமாகத் தளர்த்தினார்.

குப்புசாமி பேசியது வேறு. அவருக்கு இருபது பலா மரம்.

“சாமி, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. பழம் பழுத்து நிக்குது. லாரிக்காரன் போன்லயே கேக்கறான், உங்கூருப் பக்கம் 108 வந்துச்சான்னு. அவனுக்கு நோயி என்னன்னு கவலையில்ல. வண்டி வந்துச்சா, அதான் கேள்வி. வண்டி வந்தா லாரி வராது. லாரி வரலைன்னா பழத்தை நாம திங்கறதா?”

“மாமா செத்துருவாருங்க.”

“அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. எங்களுக்கெல்லாம் தெய்வம் மாதிரி.”

தெய்வத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றியது. பஞ்சாயத்தில் கொடுத்த கபசுரக் குடிநீர் ஒரு வீட்டில் காய்ச்சி இருந்தது. கொண்டுவந்தார்கள். விழுங்க வராது, கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். கபசுரம் எல்லாவற்றுக்கும் நல்லது என்றார்கள். நான் டம்ளரைத் தட்டிவிடுவதற்குள் ஒரு வாய் உள்ளே போய்விட்டது.

மாமனார் இருமினார்.

ஊர் அந்த வேகத்தில் கலைந்து நான் பார்த்ததில்லை. டம்ளர் பிடித்திருந்தவர் டம்ளரோடு போனார். சின்னுசாமி பலா மரத்துக்குப் பின்னால் இருந்தார். அங்கிருந்து, “தம்பி, இருமறாருங்க” என்று எனக்குத் தகவல் சொன்னார். மாமனாரை நான் முன்பக்கமாகச் சாய்த்து முதுகைத் தட்டினேன். கபசுரம் எச்சிலோடு வெளியே வந்தது. மூச்சு சீரானது.

இப்போது ஊரின் கருத்து மாறியிருந்தது. இருமலுக்கு முன் வண்டி வரக் கூடாது என்றவர்கள், இருமலுக்குப் பின் வண்டி சீக்கிரம் வர வேண்டும் என்றார்கள். ஆனால் வழக்கத்தை மீற யாரும் தயாராக இல்லை. கவுண்டரைக் கொண்டுபோக வேண்டும். அதற்குக் கவுண்டர் கை தூக்க வேண்டும். மரங்களுக்குப் பின்னாலிருந்து யோசித்தார்கள்.

அப்போதுதான் என் மாமியார் பெருமாயி வந்தார். வேல்முருகன் போய்க் கூட்டிவந்திருந்தான். களை வெட்டிய மண் கையில் இருந்தது. கணவரின் முகத்தைப் பார்த்தார். முந்தானையால் எச்சிலைத் துடைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

“வண்டி வேண்டாம் மாப்ள.”

ஊர் சொன்னதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது.

“அத்தை, இது அது இல்ல. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டா அடைப்பு கரையும். கை வரும். பேச்சு வரும்.”

“அன்னிக்கும் ஊசி இருக்குதுன்னுதான் சொன்னீங்க.”

“ஆமாங்க.”

“அவ நடந்து போயி வண்டி ஏறுனா. நடக்கறவளையே அங்கயே எரிச்சுட்டாங்க. இவரு நடக்கவும் மாட்டாரு.”

“ஆமாங்க.”

“முகத்தக்கூடக் காட்டல சாமி.”

நான் அவரைப் பார்க்கவில்லை. மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூங்கிலில் சின்னச் சின்னதாகக் கணுக்கள் இருந்தன.

“இங்கயே கெடக்கட்டும்” என்றார். “போனாலும் எங்கண்ணு முன்னால போகட்டும். நான் குளிப்பாட்டுவேன்.”

“போக மாட்டாருங்க அத்தை. இப்படியே இருப்பாரு. பத்து வருஷம்கூட இருப்பாரு. பேச முடியாம, கை வராம. எல்லாம் தெரியும், ஒண்ணும் சொல்ல முடியாது.”

அவர் கணவரின் கண்ணைப் பார்த்தார். மாமனாரும் பார்த்தார். இடது கை எழுந்து அவர் முந்தானையைப் பிடித்தது.

“என்னைய உள்ள விடுவாங்களா?”

“விடுவாங்க” என்றேன். விடுவார்களா என்று எனக்குத் தெரியாது.

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். மடியிலிருந்த வலது கையின் மணிக்கட்டைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார். தலைக்கு மேலே தூக்கினார். கனமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து நின்று தூக்கிப் பிடித்தார்.

“தூக்கியாச்சு. எல்லாரும் பாத்துக்கங்க.”

சின்னுசாமி மரத்துக்கு வெளியே தலையை நீட்டினார். “நீங்க தூக்குனா எப்படீங்க…”

“தூக்கினது ஆரு கை?”

“கவுண்டரு கைதான்.”

“வலதா, இடதா?”

“வலதுதானுங்க.”

“அப்பறம் என்ன?”

சின்னுசாமி கொஞ்சம் யோசித்தார். வலது கை மேலே போக வேண்டும் என்பதுதான் வழக்கம். எதனால் மேலே போக வேண்டும் என்று யாரும் இதுவரை சொல்லி வைக்கவில்லை. “அனுமதி ஆச்சு” என்று அறிவித்தார். எல்லார் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. என் போனைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

மறுபடி கூப்பிட்டேன். வேறொரு பெண். முதலிலிருந்து எல்லாம் சொன்னேன். ஊர் சில நிபந்தனைகள் வைத்தது. வண்டி மண்பாதையில் இறங்கக் கூடாது. சைரன் போடக் கூடாது. லாரிக்காரன் கேட்டால், அது வேறு ஊருக்கு வந்த வண்டி. சைரன் போடாதீர்கள் என்று நான் அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் ஏன் என்று கேட்கவில்லை. முன்பே பலர் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது.

நாற்காலியோடு மாமனாரை நானும் வேல்முருகனும் தார் ரோட்டுக்குத் தூக்கிப் போனோம். மூங்கிலை மாமியாரே தூக்கினார். மற்றவர்கள் தூரத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

வண்டியில் வந்தவர் பெயர் ஓம்பிரகாஷ். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாததால் நெஞ்சில் பேனாவால் பெயரை எழுதியிருந்தார். மாமியார் அந்த உடுப்பைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார். ஓம்பிரகாஷ் அவரிடம், “ஏறுங்கம்மா, நீங்களும்தான்” என்றார். அவர் ஏறினார். நானும் ஏறினேன். வேல்முருகனை ஊரில் இருக்கச் சொன்னேன்.

அடிவாரத்தில் காரவள்ளி வரை கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் மாமனார் சரிந்தார். ஒவ்வொரு வளைவிலும் மாமியார் பிடித்தார்.  ஓம்பிரகாஷ் கீழே ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, பக்கவாதம் ஒன்று வருகிறது, ஸ்கேனுக்குத் தயாராக இருங்கள் என்று சொன்னார். என்னிடம், “இந்த மாசம் எனக்கு வந்த முதல் ஸ்ட்ரோக் சார்” என்றார். “மலைல ஸ்ட்ரோக்கே குறைஞ்சு போச்சு.”

“குறையலைங்க.”

“தெரியும் சார்” என்றார்.

அதே ஆஸ்பத்திரி. ஸ்கேன் உடனே எடுத்தார்கள். டாக்டர் ஒரு பெண். கண்ணாடிக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் கொஞ்சம் முகம் தெரிந்தது. ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான், ஊசி போடலாம் என்றார். ஊசி தயாராக இருக்கிறது என்றார். அப்புறம் கேட்டார்:

“கடைசியா இவர் நல்லா இருந்ததை யார் பார்த்தது? எத்தனை மணிக்கு?”

மாமியார் சொன்னார்: “விடியறதுக்கு முந்தியே கஞ்சி குடிச்சுட்டு மூங்கிலுக்குப் போயிட்டாருங்க. நல்லாத்தான் போனாரு.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “அதை வச்சுப் பார்த்தா நேரம் தாண்டிருச்சு. தாண்டினப்புறம் ஊசி போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியும். ஆனா அதுக்கப்புறம் ஒருத்தராவது பார்த்திருப்பாங்க இல்ல? நல்லாப் பேசினார், கையைத் தூக்கினார்னு ஒருத்தர் சொன்னாப் போதும். சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்க.”

கையைத் தூக்கினார். மூங்கிலில் வலது கையைத் தூக்கி யாரையாவது விட்டிருந்தால், அந்த நேரம் வரை அவர் நன்றாக இருந்திருக்கிறார். கேள்வி இவ்வளவுதான். கவுண்டர் கடைசியாக யாரை விட்டார்?

சின்னுசாமிக்குப் போட்டேன்.

“யாரையும் விடலீங்க தம்பி. ஊரே சாட்சி.”

“இடது கை ஆட்டறதுக்கு முன்னாடிங்க. விடிஞ்சதும். யாரையாச்சும் விட்டிருப்பாரு.”

“ஏன் கேக்கறாங்க? பேரு எழுதறாங்களா?”

“எழுதல. நேரம் மட்டும்தான் வேணும்.”

“டாக்டரு பக்கத்துல இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அப்ப யாரையும் விடல.”

“அண்ணா, இது டெஸ்டுக்கு இல்ல. ஊசி போடறதுக்கு.”

“தெரியுதுங்க தம்பி. ஆனா கவுண்டரு இருமிட்டாரே. பக்கத்துல போனேன்னு ஒருத்தன் சொன்னா அவன் மூக்குல குச்சி. அவன் ஊட்டுல தகரம். நீங்க படிச்சவரு, உங்களுக்குத் தெரியாததா?”

டாக்டர் போனை வாங்கினார். “ஐயா, நான் டாக்டர் பேசறேன்” என்றார். அவ்வளவுதான் பேசினார். போன் அணைந்துவிட்டது.

வேல்முருகனுக்குப் போட்டேன். வீடு வீடாகப் போய்க் கேட்கச் சொன்னேன். அவன் ஓடினான், மூச்சு வாங்கியது போனில் கேட்டது. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவது கேட்டது. கதவைத் திறக்காமலே பதில் வந்தது. நான் போகலீங்க. நாங்க மூங்கில் பக்கமே போகலீங்க. எங்களை விடவே இல்லீங்க, உங்கப்பன் என்ன சாதாரண ஆளா. ஒரு வீட்டில் இவ்வாறு சொன்னார்கள்: மாஸ்க் போட்டிருந்ததால் அங்கே உட்கார்ந்திருந்தது உங்கள் அப்பாதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

“மாமா, ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கறான்” என்றான் வேல்முருகன். “நான் பாத்தேன்னு சொல்லட்டுமா?”

“பாத்தியா?”

“என்னைய ஆட்டி அனுப்பினப்பதான் பாத்தேன். அதுக்கு முன்னாடி இல்ல.”

பொய் சொன்னால் ஊசி போடுவார்கள். பொய் நேரம் தப்பாக இருந்தால் அந்த ஊசியே கொல்லும். அவனிடம் இதைச் சொன்னேன். அவன் அழுதான். நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு டாக்டரைப் பார்த்தேன்.

டாக்டர் இன்னும் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். வேறு இரண்டு பேரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து, “யாராவது?” என்றார். இல்லை என்றேன். ஊசியைத் திரும்ப எடுத்து வைக்கச் சொன்னார். மாத்திரைகள் எழுதினார். மெதுவாக, “பார்க்கலாம். பயிற்சி கொடுத்தாக் கொஞ்சம் வரலாம்” என்றார். எவ்வளவு கொஞ்சம் என்று நான் கேட்கவில்லை.

கொரோனா டெஸ்ட் முடிவு வரும்வரை மாமியாரை உள்ளே விடவில்லை. நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. நான் போஸ்டருக்குக் கீழே நின்றேன். அவர் எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் முடிவு வந்தது. நெகட்டிவ். மாமியார் உள்ளே போனார். நான் வேல்முருகனுக்குச் சொன்னேன்.

அவன் ஊரில் சொல்லியிருக்க வேண்டும். என் போன் அடிக்க ஆரம்பித்தது.

முதலில் மாதம்மாள். கவுண்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். பிறகு, “எங்க ஊட்டுக்காரரைக் காத்தால விட்டாருங்க. ‘மெதுவாப் போ கண்ணு’ன்னாருங்களாம். எவ்வளவு பிரியமாச் சொல்லியிருக்காரு பாருங்க” என்றாள். அழுதாள்.

அடுத்தது குப்புசாமி. மாதம்மாள் வீட்டுக்காரர் போனதற்கு அப்புறம்தான் தன்னை விட்டார் என்றார். இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மாதம்மாள் வீட்டுக்காரர் தனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். “கடைசியா விட்டது என்னைத்தானுங்க. கைய நல்லா உசரத் தூக்கினாரு.”

சின்னுசாமி சாயங்காலம் கூப்பிட்டார். 

“தம்பி, குப்புசாமி என்ன சொன்னான்?”

சொன்னேன்.

“அவன் எங்க கடைசி? அவனுக்கு அப்பறம் நான். பழம் ஏத்தத் தார் ரோட்டு வளைவுல லாரி நின்னுச்சு. நான் தலைச்சொமையாப் பழத்தோட வந்தேன். கவுண்டரு எந்திரிச்சு நின்னு வலது கையத் தூக்கினாரு. மாஸ்க்க இறக்கிட்டு வாயாலயும் சொன்னாரு. ‘பழத்த அடிபடாம ஏத்துங்க’ன்னாரு. அவரு கடைசியாப் பேசினது எங்கூடத்தான் தம்பி. ஊர்ல ஆரு வேணா என்ன வேணாச் சொல்லட்டும்.”

“மணி என்னங்க அப்ப?”

“ஏழரை பஸ்சு நேரம். பஸ்சு ஓடலீன்னாலும் அந்த நேரந்தான்.”

“திரும்பி வரப்ப?”

“திரும்பி வரப்ப இடது கைய ஆட்டினாரு. உள்ள வரக் கூடாதுங்கறாருன்னு நெனச்சேன். குனிஞ்சு பூந்து வந்துட்டேன். அதையும் அவருகிட்டச் சொல்லிருங்க, மன்னிச்சுக்கச் சொல்லுங்க.”

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஏழரையோடு நாலரை, மதியம் பன்னிரண்டு. டாக்டர் ‘யாராவது?’ என்று இரண்டாம் தடவை கேட்டபோதுகூட நேரம் இருந்திருக்கிறது.

“சரிங்கண்ணா” என்று சொல்லி வைத்துவிட்டேன்.  

வார்டுக்குள் போனேன். மாமியார் கட்டிலின் வலது பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தது. மாமனார் விழித்திருந்தார்.

“ஆருங்க போன்ல?”

“கரைக்காரரு. மாமா கடைசியாப் பேசினது அவருகூடத்தானாம்.”

அவர் விரல்களை மடக்குவதை நிறுத்தினார். “என்ன சொன்னாராம்?”

அவர் கேட்டது நேரத்தை அல்ல. நேரத்தை நான் சொல்லவில்லை.

“பழத்த அடிபடாம ஏத்துங்கன்னாராம்.”

மாமியார் என்னையே பார்த்தார். வேறு ஏதாவது இருக்கும், மகளைப் பற்றி, தன்னைப் பற்றி, நான் விட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம். நான் அங்கேயே நின்றேன். அவர் மாமனாரின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“பழமெல்லாம் நல்லபடியாப் போயிருச்சாம்” என்றார்.

மாமனாரின் உதடு அசைந்தது. நீளமாக ஏதோ சத்தம் வந்தது. இரண்டு மூன்று வார்த்தை இருக்கும். என்ன என்று எனக்குப் புரியவில்லை. மாமியாருக்கும் புரியவில்லை. அவர், “சரிங்க” என்றார். அடுத்த விரலை மடக்கினார்.